வடிவொத்த உருளைகள்: உயரம் ஒன்றரை மடங்கானால் கன அளவு ஏன் ஒன்றரை மடங்கோடு நிற்பதில்லை?

கேள்வி பாலக்கோட்டிலிருந்து, பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் அப்பா கேட்டது. "வடிவொத்த இரண்டு உருளைகளின் உயரங்கள் 12 செ.மீ., 18 செ.மீ. சிறியதன் கன அளவு 320 கன செ.மீ. எனில் பெரியதன் கன அளவு என்ன?" மகள் 480 என்று எழுதியிருக்கிறாள். விடை 1080 என்று திருத்தப்பட்டு வந்திருக்கிறது. உயரம் ஒன்றரை மடங்கு என்றால் கன அளவும் ஒன்றரை மடங்குதானே என்பது அவள் கேள்வி. அதோடு அப்பாவுக்கும் ஒரு கேள்வி: தோட்டத்தில் 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் வட்டத் தொட்டி இருக்கிறது. அதை இடித்துவிட்டு "எல்லாப் பக்கமும் ஒண்ணரை மடங்கு" பெரிதாக 6 அடிக்குக் கட்டலாம் என்கிறார் மேஸ்திரி. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எவ்வளவு சாமான் கூடும்?

இரண்டும் ஒரே கணக்குதான். முதலில் மகளுடையதைப் பார்ப்போம்.

1080தான் சரி. ஆனால் 480 எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் 1080ஐ மட்டும் மனப்பாடம் செய்தால் அடுத்த கணக்கிலும் அதே இடத்தில்தான் கால் இடறும். அவள் செய்தது 320 × 18 ÷ 12. அது ஒரு உருளைக்குச் சரியான விடைதான். அடி வட்டம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் 12இலிருந்து 18 ஆக வளர்ந்த உருளையின் கன அளவு 480. கேள்வியில் இருப்பது அந்த உருளை இல்லை. "வடிவொத்த" என்ற ஒரு சொல் அங்கே இருக்கிறது. உயரம் ஒன்றரை மடங்கு வளர்ந்தால் அகலமும் ஒன்றரை மடங்கு வளர்ந்தாக வேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

பாத்திரத்தை மனதுக்குள் மூன்று முறை இழுத்துப் பாருங்கள். முதலில் மேலே ஒன்றரை மடங்கு இழுக்கிறோம்: 320 என்பது 480 ஆகிறது. இப்போது பாத்திரம் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது. அடுத்து இட வலமாக ஒன்றரை மடங்கு: 480 என்பது 720 ஆகிறது. இந்த நிலையில் வாய் வட்டமாக இல்லை, முட்டை போல நீண்டிருக்கிறது. கடைசியாக முன் பின்னாக ஒன்றரை மடங்கு: 720 என்பது 1080 ஆகிறது. வாய் மறுபடி வட்டமாகிவிட்டது, பழைய பாத்திரத்தின் முகச்சாடை அப்படியே திரும்பி வந்துவிட்டது. மூன்று திசை, மூன்று பெருக்கல். மகள் முதல் இழுப்போடு நிறுத்திவிட்டாள்.

சூத்திரத்தில் பார்த்தாலும் இதுதான். உருளையின் கன அளவு = பை × ஆரம் × ஆரம் × உயரம். இதில் நீளங்கள் மூன்று இருக்கின்றன: ஆரம் இரண்டு முறை, உயரம் ஒரு முறை. ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கானால் மொத்தம் 1.5 × 1.5 × 1.5 = 3.375 மடங்கு. பை இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது.

விடைத்தாளில் இப்படி எழுதினால் போதும்:

இரண்டும் வடிவொத்த உருளைகள். எனவே ஆரங்களின் விகிதம் = உயரங்களின் விகிதம் = 12 : 18 = 2 : 3

கன அளவுகளின் விகிதம் = 2 × 2 × 2 : 3 × 3 × 3 = 8 : 27

பெரிய உருளையின் கன அளவு = 320 × 27 ÷ 8 = 40 × 27 = 1080 கன செ.மீ.

இங்கே ஆரம் எவ்வளவு என்றே நாம் கேட்கவில்லை, கவனித்தீர்களா? பல பிள்ளைகள் 320ஐ 12ஆல் வகுத்து, பிறகு 22/7ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து ஆரத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அந்த வழியிலும் விடை வரும். ஆனால் தசமங்களோடு மல்லுக்கட்டி, எங்கோ ஓரிடத்தில் தோராயமாக்கி, கடைசியில் 1077 என்றோ 1083 என்றோ வந்து நிற்கும். விகிதசமத்தில் போனால் பை வேண்டாம், ஆரம் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். இந்த முறையின் முழுப் பயனும் அதுதான்.

பத்தாம் வகுப்பில் இதற்கு ஒரு முன்னோட்டமும் இருக்கிறது. நான்காம் பாடமான வடிவியலில், வடிவொத்த முக்கோணங்களின் பரப்புகள் ஒத்த பக்கங்களின் வர்க்க விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பாள். பரப்புக்கு இரண்டு திசை, அதனால் வர்க்கம். ஏழாம் பாடமான அளவியலில் வரும் கன அளவுக்கு மூன்று திசை, அதனால் மும்மடி, அதாவது அதே எண்ணை மூன்று முறை போட்டுப் பெருக்குவது. இரண்டையும் ஒரே நூலில் கோத்துச் சொல்லிக் கொடுங்கள், தனித்தனி விதியாக நினைவில் வைக்க வேண்டியிருக்காது. உருளைகளுக்கு இதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார்: வடிவொத்த உருளைகள் தம் அடி வட்டங்களின் விட்டங்களுடைய மும்மடி விகிதத்தில் இருக்கும் என்று.

இனி, எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம். மும்மடி போடுவதற்கு முன் இரண்டும் உண்மையிலேயே வடிவொத்தவையா என்று பார்க்க வேண்டும். கோளம் என்றால் பார்க்கவே தேவையில்லை, எந்த இரண்டு கோளமும் வடிவொத்ததுதான். கனச்சதுரமும் அப்படியே. உருளை அப்படி இல்லை. பேனா மூடியும் உருளைதான், தோசைக்கல்லும் ஒரு தட்டையான உருளைதான். உருளையின் வடிவத்தைச் சொல்ல ஒரே ஒரு எண் போதும்: உயரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது. இரண்டு உருளைக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் வடிவொத்தவை, இல்லையென்றால் இல்லை.

ஒரு கணக்கில் உயரங்கள் 10, 15, ஆரங்கள் 4, 5 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். உயர விகிதம் 2 : 3. ஆர விகிதம் 4 : 5. இரண்டும் சேரவில்லை, ஆகவே 8 : 27 என்று போட்டால் தப்பு, 64 : 125 என்று போட்டாலும் தப்பு. ஆர விகிதத்தை வர்க்கமாக்கி உயர விகிதத்தோடு பெருக்க வேண்டும்: 16 × 2 : 25 × 3, அதாவது 32 : 75. நேராகப் பெருக்கிச் சரிபார்த்தாலும் 4 × 4 × 10 = 160, 5 × 5 × 15 = 375; சுருக்கினால் அதே 32 : 75. கேள்வியில் "வடிவொத்த" என்ற சொல் இல்லையென்றால் இந்த வழிதான் பத்திரமானது.

கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள். கன அளவுகளைக் கொடுத்து உயர விகிதம் கேட்டால் கனமூலம் எடுக்க வேண்டும். கன அளவுகள் 250, 432 என்று இருந்தால் பிள்ளைகள் 250க்குக் கனமூலம் தேடித் திணறுவார்கள். முதலில் சுருக்க வேண்டும்: 250 : 432 = 125 : 216. இப்போது கனமூலம் 5 : 6 என்று தானாக வந்துவிடும். சுருக்காமல் கனமூலம் எடுக்கக் கூடாது என்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள். 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000 ஆகிய பத்தும் பெருக்கல் வாய்ப்பாடு போல நாக்கில் இருந்தால் இந்த வகைக் கணக்கு எல்லாம் ஒரு நிமிட வேலை.

இன்னொரு திருப்பம் பரப்பு வழியாக வரும். வடிவொத்த இரு உருளைகளின் மொத்தப் புறப்பரப்புகள் 96 பை, 150 பை. சிறியதன் கன அளவு 128 பை. பெரியதன் கன அளவு என்ன? பரப்பிலிருந்து கன அளவுக்கு ஒரே தாவலில் போக முடியாது. நடுவே நீளத்தில் இறங்கிப் போக வேண்டும். 96 : 150 = 16 : 25. வர்க்கமூலம் எடுத்தால் நீளங்களின் விகிதம் 4 : 5. அதை மும்மடியாக்கினால் 64 : 125. எனவே விடை 128 × 125 ÷ 64 = 250 பை. சந்தேகம் இருந்தால் சிறியதற்கு ஆரம் 4, உயரம் 8 என்றும் பெரியதற்கு ஆரம் 5, உயரம் 10 என்றும் போட்டுப் பாருங்கள், நான்கு எண்ணும் பொருந்தும். 16 : 25ஐ நேராக மும்மடியாக்கிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

சின்னச் சின்னப் பிழைகள் சில. ஒன்றுக்கு ஆரத்தையும் மற்றதற்கு விட்டத்தையும் எடுத்தால் விகிதம் கெட்டுவிடும். இரண்டுக்கும் விட்டத்தையே எடுத்தால் ஒன்றும் கெடாது. சுற்றளவையும் எடுக்கலாம், அதுவும் ஒரு நீளம்தான். டிரம்மின் நடுவைத் துளைத்து ஆரம் அளக்க முடியாத இடத்தில் டேப்பைச் சுற்றி அளப்பதுதான் வசதி. ஒன்று செ.மீ., இன்னொன்று மீட்டர் என்றால் முதலில் ஒன்றாக்குங்கள். சிறியது : பெரியது என்று ஆரம்பித்தால் கடைசி வரை அந்த வரிசையையே பிடியுங்கள். வரிசை புரண்டால் பெரிய உருளைக்கு 320ஐவிடச் சிறிய விடை வரும். அந்த ஒரு பார்வையிலேயே பிழையைப் பிடித்துவிடலாம்.

இதைப் பிள்ளைக்குக் கையால் காட்ட ஆசையென்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் இன்னும் மூலையில் கிடக்கும் படியும் ஆழாக்குமே போதும். 8 ஆழாக்கு ஒரு படி. 8 என்பது 2 × 2 × 2. ஆகவே படியும் ஆழாக்கும் ஒரே வடிவத்தில் செய்யப்பட்டிருந்தால், ஆழாக்கின் உயரம் படியின் உயரத்தில் சரியாகப் பாதியாக இருக்க வேண்டும், வாய் அகலமும் பாதியாக இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "இதில் எட்டு அதில் போகுமா?" என்று பிள்ளை நம்பாது. ராகியை ஆழாக்கில் தலைதட்டி எடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே படியில் கொட்டச் சொல்லுங்கள். எட்டாவதில் படி நிரம்பும்.

எண்ணில் பார்ப்போம். உள் விட்டம் 12 செ.மீ., உள் உயரம் 12 செ.மீ. உள்ள ஒரு படி என்றால் 3.1416 × 6 × 6 × 12 = 1357 கன செ.மீ., ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல். அதே வடிவில் 6 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் உள்ள ஆழாக்கு 169.6 கன செ.மீ. எட்டால் பெருக்கினால் 1357. நடுவில் இருக்கும் உழக்கும் உரியும் இன்னும் அழகு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஒவ்வொரு படிக்கட்டிலும் கொள்ளளவு இரட்டிக்கிறது. உயரம் இரட்டிப்பதில்லை, 2இன் கனமூலமான 1.26 மடங்குதான் ஆகிறது. 6 செ.மீ. ஆழாக்கில் தொடங்கினால் உழக்கு 7.6 செ.மீ., உரி 9.5 செ.மீ., படி 12 செ.மீ. மூன்று முறை இரட்டித்துக் கொள்ளளவு 8 மடங்கு ஏறியபோது உயரம் ஒரே ஒரு முறைதான் இரட்டித்திருக்கிறது. பழைய வாய்ப்பாட்டில் 8 நாழி ஒரு குறுணி, நாழிதான் படி. குறுணியும் அதே வடிவில் இருந்தால் அதன் உயரம் 24 செ.மீ. தான். ஆழாக்கைப் போல 64 மடங்கு பிடிக்கிற பாத்திரம், உயரத்தில் வெறும் நான்கு மடங்கு.

வீட்டில் இருக்கும் படியும் ஆழாக்கும் வேறு வேறு பட்டறையில் செய்ததாக இருந்தால் உயரம் பாதியாக இல்லாமல் போகலாம். அதனால் அளவு தப்பு என்று ஆகாது. அவை வடிவொத்தவை இல்லை, அவ்வளவுதான். ஆழாக்கு கொஞ்சம் குட்டையாக இருந்தால் வாய் கொஞ்சம் அகலமாக இருக்கும். உயரத்தை விட்டத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே சொன்ன சோதனை அங்கேயே நடந்துவிடும்.

தலைதட்டாமல் குவித்து அளந்தால் என்ன ஆகும்? குவியலின் சரிவு தானியத்தைப் பொறுத்தது, பாத்திரத்தைப் பொறுத்தது அல்ல. எனவே குவியலின் உயரமும் வாய் அகலத்தோடு சேர்ந்து அதே விகிதத்தில்தான் ஏறும். படியின் மேல் நிற்கும் குவியல், ஆழாக்கின் மேல் நிற்கும் குவியலைப் போல 8 மடங்கு. ஆக வடிவொத்த அளவைகளில் குவித்து அளந்தாலும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு மாறாது. வடிவம் மாறினால்தான் வில்லங்கம். 12 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் உள்ள படியும், 17 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் உள்ள தட்டைப் படியும் தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய ஒரே அளவு. குவித்து அளந்தால் தட்டைப் படியின் குவியல் மற்றதைப் போல 2.8 மடங்கு பெரிது. குவித்து வாங்குபவருக்கு அகன்ற வாய் லாபம், விற்பவருக்கு நட்டம்.

பாதி நிரம்பிய பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்மடியைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அடுத்துச் செய்கிற பிழை இதுதான்: உருளைத் தொட்டியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் எட்டில் ஒரு பங்கு என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. தண்ணீரின் உயரம் பாதி, அகலம் முழுசு, ஆகவே பாதித் தண்ணீர். தண்ணீரும் தொட்டியும் வடிவொத்தவை அல்ல. கூர் கீழே இருக்கும் கூம்பில் பாதி உயரத்துக்கு ஊற்றினால் மட்டும் எட்டில் ஒரு பங்கு, ஏனென்றால் அங்கே தண்ணீர் நிற்கும் வடிவமும் முழுக் கூம்பும் வடிவொத்தவை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு விடை வாங்குங்கள். இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டால் பாடம் உள்ளே போய்விட்டது.

கிணற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். 20 அடி அகலம், 40 அடி ஆழமுள்ள கிணற்றை 60 அடிக்கு ஆழப்படுத்தினால் கொள்ளளவு ஒன்றரை மடங்கு மட்டுமே. அகலத்தையும் 30 அடியாக்கினால்தான் 3.375 மடங்கு. அதற்கு வெடி வைத்து எடுக்க வேண்டிய பாறையோ, முதலில் எடுத்ததைப் போல 2.375 மடங்கு. கொள்ளளவு கூடினால் ஊற்றும் கூடும் என்று எண்ண வேண்டாம், அது பாறையின் வெடிப்பைப் பொறுத்த விஷயம்.

இனி உங்கள் தொட்டி.

4 அடி அகலம், 4 அடி உயரம் என்பது உள் அளவாக இருந்தால் கொள்ளளவு 3.1416 × 2 × 2 × 4 = 50.27 கன அடி. ஒரு கன அடி 28.32 லிட்டர், ஆகவே சுமார் 1,423 லிட்டர். எல்லாப் பக்கமும் ஒன்றரை மடங்கு என்றால் 1,423 × 3.375 = சுமார் 4,800 லிட்டர். உயரத்தை மட்டும் 6 அடியாக்கினால் 2,135 லிட்டர். அகலத்தை மட்டும் 6 அடியாக்கினால் 3,200 லிட்டர். மேஸ்திரியிடம் பேசும்போது "ஒண்ணரை மடங்கு" என்ற வார்த்தையை விட்டுவிட்டு, இத்தனை அடி அகலம், இத்தனை அடி உயரம், இத்தனை லிட்டர் என்று பேசுங்கள். மடங்கு என்றால் ஒருவர் உயரத்தை நினைப்பார், இன்னொருவர் தண்ணீரை நினைப்பார். டிரம் வாங்கும்போதும் இப்படித்தான். 200 லிட்டர் டிரம்மில் "பாதி சைஸ்" என்று கேட்டு, உயரமும் அகலமும் பாதியாக உள்ளதை வாங்கி வந்தால் அதில் 25 லிட்டர்தான் பிடிக்கும். உண்மையில் 100 லிட்டர் பிடிக்கிற அதே வடிவ டிரம், 85 செ.மீ. உயரத்துக்குப் பதில் 67.5 செ.மீ. இருக்கும்; பார்வைக்குக் கொஞ்சம்தான் சிறியதாகத் தெரியும்.

அளவு உள்ளிருந்து எடுத்ததா, வெளியிலிருந்து எடுத்ததா என்பதுதான் தொட்டிக் கணக்கில் பெரிய ஓட்டை. 4 அடி என்பது வெளி அளவு, சுவரும் தரையும் 4 அங்குலக் கனம் என்று வையுங்கள். அப்போது உள் அகலம் 3 அடி 4 அங்குலம், உள் உயரம் 3 அடி 8 அங்குலம், கொள்ளளவு சுமார் 906 லிட்டர். 1,423 என்று நினைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. புதுத் தொட்டியை வெளியில் 6 அடிக்கு அதே 4 அங்குலச் சுவரில் கட்டினால் உள் அகலம் 5 அடி 4 அங்குலம், உள் உயரம் 5 அடி 8 அங்குலம். வெளி விகிதம் 1.5 ஆக இருந்தாலும் உள் அகலத்தின் விகிதம் 1.6, உள் உயரத்தின் விகிதம் 1.545. சுவர்க் கனம் கூடவே வளராததால் உள்ளே வடிவொப்பு போய்விட்டது. கொள்ளளவு 3.375 மடங்குக்குப் பதில் 3.96 மடங்காகி, சுமார் 3,585 லிட்டர் வரும். ஆகவே கட்டிடத்தில் மும்மடி விதியை உள் அளவுக்கு மட்டும், இரண்டு விகிதமும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நேராகவே பெருக்கிவிடுங்கள். தண்ணீர் வழிந்தோட விடும் குழாய் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே இருந்தால் அந்த மூன்று அங்குலத்தையும் உயரத்தில் கழிக்க வேண்டும்.

டேப்பைக் கவனமாகப் பிடிப்பதும் முக்கியம். நீளத்தில் 1 சதவீதம் பிசகினால் கன அளவில் ஏறக்குறைய 3 சதவீதம் பிசகும். 6 அடியில் முக்கால் அங்குலம் என்பது 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்; 4,800 லிட்டரில் அது கிட்டத்தட்ட 150 லிட்டர். வட்டம் கோணலாக இருந்தால் இரண்டு மூன்று திசையில் விட்டம் எடுத்துச் சராசரி போடுங்கள்.

சாமான் செலவுக்கு வருவோம். பூச்சும் பெயின்டும் பரப்பின் கணக்கு, ஆகவே 1.5 × 1.5 = 2.25 மடங்கு. சுவரின் கனத்தை மாற்றாமல் கட்டினால் செங்கல்லும் சிமென்ட்டும் கிட்டத்தட்ட அதே 2.25 மடங்கில்தான் வரும். தண்ணீர் 3.375 மடங்கு, சாமான் 2.25 மடங்கு. பெரிய தொட்டி லிட்டருக்கு மலிவாகப் படுவது இதனால்தான்.

ஆனால் அந்த மலிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவரின் அடிப்பாகத்தில் தண்ணீர் தள்ளும் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, அது 1.5 மடங்காகிறது. வட்டச் சுவரைப் பிளக்கப் பார்க்கும் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. ஆரமும் 1.5 மடங்கு, ஆகவே இழுவிசை 2.25 மடங்கு. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. 4 அடித் தொட்டியில் வெடிப்பு விடாத அதே செங்கல் சுவர், 6 அடியில் அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் செங்குத்தாக வெடிப்பு விடுவது இதனால்தான். சுவர்க் கனத்தையும் ஒன்றரை மடங்காக்கினாலும் அங்கே விழும் இறுக்கம் முன்னதைப் போல 1.5 மடங்காகவே இருக்கும். எனவே 6 அடிதான் என்று முடிவானால் வளையக் கம்பி போட்ட கான்கிரீட்டாகவே கட்டச் சொல்லுங்கள். கீழ்ப் பாதியில் வளையங்கள் நெருக்கமாக இருக்கட்டும், கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் ஒரு பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள். அடித்தளமும் கவனிக்க வேண்டியது. நிரம்பிய 6 அடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 4.8 டன், ஒவ்வொரு சதுர அடி தரையும் முன்பைவிட ஒன்றரை மடங்கு சுமக்க வேண்டும்.

உங்களுக்குத் தேவை இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர்தான் என்றால் 6 அடி வேண்டவே வேண்டாம். 2இன் கனமூலம் 1.26, 4 அடியை அதனால் பெருக்கினால் 5.04 அடி. உள் அளவில் 5 அடி அகலம், 5 அடி அரை அங்குலம் உயரம் என்று கட்டினால் சுமார் 2,800 லிட்டர் பிடிக்கும், சுவரின் இழுவிசையும் 2.25 மடங்குக்குப் பதில் 1.6 மடங்கோடு நிற்கும். இந்தக் கடைசிக் கணக்கை மகளிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். கொள்ளளவுகளின் விகிதம் 1 : 2, வடிவொத்த தொட்டிகள், சிறியதன் உயரம் 4 அடி, பெரியதன் உயரம் என்ன?